பட்டினி பரம்பரைச் சொத்தா?

நிலம் பரம்பரையாக வரும். வீடு வரும். கடன் நிச்சயமாக வரும். பட்டினியும் வருமா? பாட்டி பட்டினி கிடந்தால், அதன் தழும்பு பேரனின் உடம்பில் இருக்குமா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உலகத்தின் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில், எலிகளை வைத்தும், மனிதர்களின் பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டியும் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக விடை தேடிவரும் கேள்வி இது. இதுவரை கிடைத்திருப்பது பாதி விடை. அந்தப் பாதியை உழைப்பவன் தெரிந்துகொண்டாக வேண்டும். மீதிப் பாதியும் தெரிந்துவிட்டதுபோலப் பேசுகிறவர்களிடம் விழிப்பாகவும் இருக்க வேண்டும்.

ஏன் என்கிறீர்களா, தோழர்களே? தொழிலாளி வீட்டுப் பிள்ளை நோஞ்சானாக இருந்தால், "அது அவன் பிறவி வாகு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வசதியுள்ளவர்களின் பழைய வழக்கம். பிறவி வாகு என்றால் யாரும் பொறுப்பாளி இல்லை. கூலியைக் குறைத்தவனும் இல்லை, ரேஷனைப் பதுக்கியவனும் இல்லை. பழி முழுவதும் பிறப்பின் மேல்! அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் புரட்டு என்று சொல்லும் சாட்சி ஒன்று ஹாலந்து நாட்டில் இருக்கிறது.

ஹாலந்தின் பசிக் குளிர்காலம்

1944-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஹிட்லரின் படை ஹாலந்தைப் பிடித்து நான்காண்டுகள் கடந்துவிட்டன. நேச நாட்டுப் படைகள் தெற்கிலிருந்து முன்னேறி வந்தன. செப்டம்பர் 17-ந் தேதி அவர்களுடைய பாராசூட் படையினர் ஹாலந்தில் இறங்கினார்கள். அதே நாளில், லண்டனில் இருந்த ஹாலந்து சர்க்கார், ரயில்வே தொழிலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது: "ஜெர்மானியப் படைக்கு ரயில் ஓட்டாதீர்கள்!"

சுமார் 30,000 தொழிலாளர்கள் வேலையை விட்டு இறங்கினார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே இறங்கினார்கள், தலைமறைவானார்கள். யுத்தம் முடிகிறவரை அந்த வேலைநிறுத்தம் கலையவில்லை.

நாஜிகள் என்ன செய்தார்கள்? மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகக்கூடாது என்று தடை போட்டார்கள். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் போன்ற பெரிய நகரங்கள் எல்லாம் அந்தப் பகுதியில்தான். நேச நாட்டுப் படையின் முன்னேற்றம் ஆர்ன்ஹெம் நகரத்தில் தோற்று நின்றுபோனதால் விடுதலையும் வரவில்லை. நவம்பரில் தடையைக் கொஞ்சம் தளர்த்தி, படகில் உணவு கொண்டுபோகலாம் என்றார்கள். அதற்குள் கடுங்குளிர் வந்துவிட்டது, கால்வாய்கள் உறைந்தன, படகுகள் பனிக்கட்டியில் சிக்கி நின்றன.

வேலைநிறுத்தம் செய்ததால்தானே பஞ்சம் வந்தது என்று கேட்பார் உண்டு. ரயிலை விட்டு இறங்கியவன் தொழிலாளி. குழந்தைகளின் உணவுக்குத் தடை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமா?

நவம்பர் முடிவில் ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த ரேஷன் 1,000 கலோரிக்கும் கீழே போயிற்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை 400-லிருந்து 800 கலோரி. ஒரு பெரிய ஆளின் தேவையில் பாதிகூட இல்லை. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். மாட்டுக்குப் போடும் பீட்ரூட்டைத் தின்றார்கள். கைக்கடிகாரத்தையும் படுக்கை விரிப்பையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், கொஞ்சம் உருளைக்கிழங்குக்கு மாற்றிக்கொண்டு வந்தார்கள். மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லாதவன் வெறுங்கையோடு திரும்பினான். ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தார்கள். 1945 ஏப்ரல் 29-ந் தேதி முதல் விமானங்கள் வந்து உணவு மூட்டைகளைப் போட்டன. மே 5-ந் தேதி விடுதலை. சில வாரங்களில் வயிறு நிறையச் சோறு.

பஞ்சம் முடிந்தது. ஆனால் அதன் கணக்கு முடியவில்லை.

பதிவேடு பேசியது

பஞ்சத்தை அறியாத நாடு உலகத்தில் குறைவு. ஆனால் மற்றப் பஞ்சங்களில் மாண்டவருக்கும் சரியான கணக்கில்லை, மீண்டவருக்கும் சரியான கணக்கில்லை. ஹாலந்தில் இருந்தது. எந்த வாரம் எவ்வளவு ரேஷன் என்று எழுதிவைத்திருந்தார்கள். எந்தத் தாய்க்கு எந்த நாளில் என்ன எடையுள்ள குழந்தை பிறந்தது என்று ஆஸ்பத்திரிகள் எழுதிவைத்திருந்தன. பஞ்சம் தொடங்கிய நாளும் தெரியும், முடிந்த நாளும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் உணவு உண்டு. ஆகவே, எந்தக் குழந்தை கருவில் எத்தனையாவது மாதத்தில் பட்டினியைச் சந்தித்தது என்று கணக்கிட முடிந்தது. அதே தாய் வயிற்றில் முன்னும் பின்னும் பிறந்த அண்ணன் தம்பி, அக்காள் தங்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிந்தது.

இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர்கள் ஜீனா ஸ்டெயின், மெர்வின் சஸ்ஸர் என்ற டாக்டர் தம்பதிகள். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். நிறவெறியை எதிர்த்து நின்று, நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள். ஹாலந்தில் அந்தக் காலத்தில் 19 வயதான ஆண்கள் எல்லோரும் ராணுவத்துக்காகப் பரிசோதிக்கப்பட்டார்கள். அந்தப் பதிவேட்டை இவர்கள் புரட்டினார்கள்.

1972-ல் வெளியான முதல் முடிவைக் கேளுங்கள்: கருவில் பட்டினி கிடந்தவர்களின் அறிவுத்திறன், கிடக்காதவர்களின் அறிவுத்திறனைவிட எள்ளளவும் குறைந்ததாகத் தெரியவில்லை! ஏழைப் பிள்ளைக்கு மூளை மட்டு என்று பேசுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

1976-ல் இன்னொரு முடிவு. சுமார் 3 லட்சம் இளைஞர்களின் உடம்பைப் பற்றியது. கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால், மகன் 19 வயதில் பருத்த உடம்புக்காரனாக இருப்பது அதிகமாக இருந்தது. கடைசி மாதங்களில் கிடந்திருந்தால் குறைவாக இருந்தது. பட்டினி கிடந்தவள் பிள்ளை இளைத்தல்லவா இருக்க வேண்டும்? பருப்பானேன்? 'கிடைக்கிறபோது சேர்த்துவை, நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ' என்று கருவிலேயே உடம்பு பழகிக்கொண்டதோ என்று யோசித்தார்கள்.

ஆம்ஸ்டர்டாம் ஆஸ்பத்திரி ஒன்றில் 1943 நவம்பர் முதல் 1947 பிப்ரவரி வரை பிறந்த 2,414 பேரை, அவர்களுக்கு ஐம்பது வயதாகும் நேரத்தில் மற்றோர் ஆராய்ச்சிக் குழு தேடிப்பிடித்தது. கருவில் பஞ்சத்தைக் கண்டவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சக்தி குறைந்திருந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் இருதய நோய் அதிகமாக இருந்தது. இவர்களில் பலர் பிறந்தபோது எடை குறையாதவர்கள். பார்த்தால் நல்ல குழந்தை, உள்ளே ஒரு மாற்றம்!

ஆலையும் அட்டையும்

உள்ளே நடந்தது என்ன? நம் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் மரபணுக்கள் இருக்கின்றன. அவை தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வந்தவை. ஆறு மாதப் பட்டினி அவற்றின் எழுத்தை மாற்றிவிடாது. பின் எது மாறியது?

ஆலைத் தொழிலாளிக்கு இது சுலபமாக விளங்கும். ஆலையில் நூற்றுக்கணக்கான எந்திரங்கள் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் ஓடுவதில்லை. பழுது பார்க்கும்போது சுவிட்சில் 'இயக்காதே' என்று ஓர் அட்டையைத் தொங்கவிடுகிறார்கள். எந்திரம் அதேதான், ஒரு திருகாணிகூட மாறவில்லை. ஆனால் அட்டை தொங்குகிறவரை அது ஓடாது. அட்டையைக் கழற்றினால் ஓடும்.

மரபணுக்களும் அப்படியே. கண்ணிலுள்ள அணுவுக்கும் கல்லீரலிலுள்ள அணுவுக்கும் மரபணுக்கள் ஒன்றுதான். எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்ற அட்டைகள்தாம் வேறு. மீத்தைல் என்ற சிறிய ரசாயனத் துணுக்கு அப்படிப்பட்ட அட்டைகளில் ஒன்று. மரபணுவின் மேல் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் அதை அடக்கிவைக்கும். இந்தத் துறைக்கு எபிஜெனடிக்ஸ் என்று பெயர். வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1942-ல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

2008-ல் ஹாலந்துப் பஞ்சக் குழந்தைகளிடம் இந்த அட்டைகளைத் தேடினார்கள். பஞ்சத்தின்போது கருவானவர்கள் 60 பேர். பரிசோதித்தபோது அவர்களுக்கு ஏறத்தாழ அறுபது வயது. ஒவ்வொருவரையும், பஞ்சத்தைக் காணாத அவருடைய சொந்தச் சகோதரர் அல்லது சகோதரியோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சிக்குத் தொடர்பான ஐ.ஜி.எஃப்.-2 என்ற மரபணுவின் மேல், பஞ்சத்தில் கருவானவர்களிடம் மீத்தைல் அட்டைகள் சற்றுக் குறைவாக இருந்தன. தாய் பட்டினி கிடந்து அறுபது ஆண்டுகள் ஆன பிறகும் அதன் அடையாளம் அழியவில்லை! வித்தியாசம் பெரியது அல்ல. அவர்களுடைய நோய்களுக்கு அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு காட்டவும் இல்லை. ஆனால் அடையாளம் இருந்தது.

ஒரு வயிற்றில் மூன்று தலைமுறை

இது தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள கணக்கு. பேரன் கணக்கு என்ன? இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஒரு கர்ப்பிணி பட்டினி கிடக்கிறாள். பட்டினி கிடப்பது எத்தனை பேர்? அவள் ஒருத்தி. வயிற்றிலுள்ள சிசு ஒன்று. அத்தோடு நின்றதா? இல்லை. சிசு பெண்ணாக இருந்தால், நாளைக்கு அவள் பிள்ளை பெறப்போகும் முட்டைகள் அப்போதே அந்தச் சிசுவுக்குள் உருவாகின்றன. ஆணாக இருந்தால், விந்தணுவாகப் போகிற மூல அணுக்கள் அப்போதே இருக்கின்றன. ஆக, பாட்டி, மகள், பேரப்பிள்ளையின் வித்து என்று மூன்று தலைமுறையும் ஒரே பட்டினியை நேராகவே அனுபவித்துவிடுகின்றன.

ஆகவே பேரனிடம் ஒரு மாற்றம் தெரிந்தால் அதைப் 'பரம்பரை' என்று சொல்லிவிட முடியாது. அவனும் நேரடி சாட்சிதான். கர்ப்பிணியின் பட்டினி உண்மையிலேயே பரம்பரையாகப் போகிறது என்று நிரூபிக்க வேண்டுமானால், கொள்ளுப்பேரனைப் பார்க்க வேண்டும்.

ஹாலந்தில் பேரப்பிள்ளைகளையும் பார்த்தார்கள். 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவில் பஞ்சத்தைக் கண்ட தகப்பன்மார்களின் பிள்ளைகள் சற்றுப் பருத்திருந்தார்கள். அதேபோல் பஞ்சத்தைக் கண்ட தாய்மார்களின் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஆய்வில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். இதை வைத்துக்கொண்டு முரசு கொட்ட முடியாது.

இன்னொரு தடையும் இருக்கிறது. புதிய ஆலையைத் திறக்கும்போது பழைய அட்டைகளையெல்லாம் கழற்றி எறிவதுபோல, பாலூட்டிப் பிராணிகளின் உடம்பு அட்டைகளை இரண்டு தடவை கழற்றுகிறது. முட்டையும் விந்தும் சேர்ந்து கருவான சில நாட்களில் ஒரு தடவை. அந்தக் கருவுக்குள் அடுத்த தலைமுறைக்கான வித்தணுக்கள் உருவாகும்போது மற்றொரு தடவை. பெரும்பாலான அட்டைகள் இதில் போய்விடுகின்றன. சிலவே தப்புகின்றன.

எலி சொன்ன சாட்சி

மனிதனிடம் கொள்ளுப்பேரன் வரை காத்திருக்க நூறாண்டு வேண்டும். எலிக்குச் சில மாதங்கள் போதும். அதனால்தான் எலியிடம் போனார்கள்.

ஒருவகைச் சுண்டெலி இருக்கிறது. ஒரே மரபணுக்கள், ஆனால் சில குட்டிகள் மஞ்சள் நிறத்தில் கொழுத்திருக்கும், சில பழுப்பு நிறத்தில் ஒல்லியாக இருக்கும். அகூட்டி என்ற மரபணுவின் மேல் அட்டை உண்டா இல்லையா என்பதுதான் வித்தியாசம். தாய் பழுப்பாக இருந்தால் பழுப்புக் குட்டிகள் அதிகம் பிறந்தன. தாய்வழிப் பாட்டியின் நிறம்கூடக் குட்டிகளில் தெரிந்தது. 1999-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள். 2003-ல் அமெரிக்காவில், கர்ப்பிணி எலிக்கு ஃபோலிக் அமிலமும் பி-12 வைட்டமினும் வேறு சில சத்துக்களும் சேர்த்துக் கொடுத்தார்கள். பழுப்புக் குட்டிகள் கூடின. தாயின் தட்டில் போட்ட சத்து, குட்டியின் மரபணுவில் அட்டையாக ஏறியது!

2014-ல் அச்சிடப்பட்ட மற்றோர் ஆய்வில், ஆண் எலிகளுக்கு ஒரு வாசனையை முகரவைத்து, கூடவே மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். அந்த வாசனைக்கு அவற்றின் குட்டிகளும், குட்டிகளின் குட்டிகளும் மிரண்டன என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அந்தக் கணக்கு இவ்வளவு கச்சிதமாக வருவதே சந்தேகத்துக்குரியது என்று எழுதிய விஞ்ஞானிகளும் உண்டு.

கடைசியாக, 2018-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: அகூட்டியைப்போல எலியின் உடம்பில் வேறு எத்தனை இடங்கள் இருக்கின்றன? தேடினார்கள். அட்டை எலிக்கு எலி மாறும் இடங்கள் பல கிடைத்தன. ஆனால் தாயின் அட்டை அப்படியே குட்டிக்குப் போவது அபூர்வம். பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு தலைமுறையிலும் அட்டைகள் புதிதாகவே மாட்டப்படுகின்றன. அகூட்டி விதி அல்ல, விதிவிலக்கு!

இன்னொரு எலிக் கதையையும் கேளுங்கள். கனடாவின் மான்ட்ரீல் நகரத்தில் 2004-ல் வெளியிட்டார்கள். சில தாயெலிகள் குட்டியை நன்றாக நக்கிக் கொடுக்கின்றன. சில அப்படிச் செய்வதில்லை. நக்கி வளர்க்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் பயத்தில் பதறுவது குறைவு. அவற்றின் மூளையில் அட்டைகள் வேறுவிதமாக இருந்தன. பெண் குட்டிகள் தாயானதும் அவையும் நன்றாக நக்கின. பார்த்தால் பரம்பரைக் குணம்போலத் தோன்றும். ஆனால் நக்காத தாயின் குட்டியை எடுத்து நக்கும் தாயிடம் விட்டால் அது வளர்த்த தாயைப்போல ஆயிற்று! ஆக, அந்தப் 'பரம்பரை' வந்த வழி முட்டையும் அல்ல, விந்தும் அல்ல. தாயின் நாக்கு! வளர்ப்பு மாறினால் 'பிறவிக் குணம்' மாறிவிட்டது.

இரண்டு பள்ளங்கள்

தோழர்களே, இந்தப் பாதையில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது.

ஒரு பள்ளம், பழைய தலைவிதியைப் புதிய சட்டை போட்டு அழைத்துவருவது. "ஏழையின் பாட்டன் பட்டினி கிடந்தான், ஆகவே பேரன் உடம்பே கெட்ட உடம்பு, இனி என்ன செய்தாலும் தேறாது" என்று நாளைக்கு ஒருவன் விஞ்ஞானத்தின் பேரால் பேசலாம். இன்ஷூரன்ஸ் முதலாளி பேசலாம், வேலைக்கு ஆள் எடுக்கிறவன் பேசலாம். அதற்கு ஆதாரம் இல்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம். "எல்லாம் தாய் செய்த குற்றம்" என்று பேசுவதும் இந்தப் பள்ளத்தைச் சேர்ந்ததுதான். ஆம்ஸ்டர்டாம் தாய் விரும்பியா துலிப் கிழங்கைத் தின்றாள்?

மற்றொரு பள்ளம் நம் பக்கத்தில் இருக்கிறது. சூழ்நிலையே மனிதனை ஆக்குகிறது என்ற பேச்சு நமக்குப் பிடித்த பேச்சு. பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர், பயிரின் சூழ்நிலையை மாற்றினால் அந்தக் குணம் விதையில் ஏறிவிடும் என்றார். ஆட்சியில் இருந்தவர்களுக்கு அது இனித்தது. 1948-ல் அவர் கொள்கையே கொள்கை என்று ஆயிற்று, எதிர்த்தவர்கள் வேலை இழந்தார்கள். அதற்கு முன்பே, உலகமெல்லாம் சுற்றி விதைகளைச் சேகரித்த மாபெரும் விஞ்ஞானி வாவிலோவ் கைது செய்யப்பட்டு, 1943-ல் சரத்தோவ் சிறையில் மாண்டார். பசியை ஒழிக்க விதை தேடியவர் பசியால் நலிந்து சாக நேர்ந்தது! கட்சி தீர்மானம் போட்டுக் கோதுமை முளைக்காது. அந்தப் பாடத்தை மறந்தவன் உழைப்பவனின் நண்பன் அல்ல.

இன்று சிலர், எபிஜெனடிக்ஸ் வந்ததால் லைசென்கோ ஜெயித்துவிட்டார் என்கிறார்கள். தவறு. அவர் மரபணுவையே மறுத்தவர். இன்றைய விஞ்ஞானம் மரபணுவை ஒப்புக்கொண்டு, அதன் மேல் தொங்கும் அட்டையைப் பற்றிப் பேசுகிறது.

கணக்கு யார் பேரில்?

அப்படியானால் உறுதியாகக் கையில் நிற்பது என்ன? கர்ப்பிணியின் வயிறு காய்ந்தால் பிள்ளையின் உடம்பு ஐம்பது, அறுபது ஆண்டுகள் அதைச் சுமக்கிறது. இதற்குக் கொள்ளுப்பேரன் சாட்சி தேவையில்லை. இது ஒன்றே போதாதா?

நம் நாட்டிலும் சாட்சி இருக்கிறது. புனா நகரத்தில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1990-களில் தொடங்கி, சுற்றுப்புறக் கிராமங்களின் தாய்மார்களையும் குழந்தைகளையும் கவனித்துவருகிறார்கள். அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5 கிலோ. சதை குறைவு, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லிக் குழந்தைக்குள் சர்க்கரை நோய்க்கான அடித்தளம்! கீரையும் பழமும் பாலும் அதிகம் உண்ட தாய்க்குப் பிறந்த குழந்தை பெரிதாக இருந்தது. வயலிலும் வீட்டிலும் கடுமையாக உழைத்த கர்ப்பிணியின் குழந்தை சிறியதாக இருந்தது.

கீரை, பழம், பால், ஓய்வு. இவற்றில் எது ஜோதிடத்தில் இருக்கிறது? எது ரத்தத்தில் இருக்கிறது? எல்லாம் கூலியில் இருக்கிறது. ரேஷன் கடையில் இருக்கிறது. சம்பளத்தோடு கிடைக்கும் பிரசவ விடுமுறையில் இருக்கிறது. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் நிறைமாதத்தில் தலைச்சுமை தூக்கும் பெண்ணுக்கு அந்த விடுமுறை கிடைக்கிறதா என்பதில் இருக்கிறது.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் கூலி உயர்வைப் பற்றிப் பேசும்போது, "இன்றைய வயிற்றுக்காக" என்று மட்டும் பேசாதீர்கள். கர்ப்பிணித் தொழிலாளியின் ஓய்வை மனுவின் கடைசிக் கோரிக்கையாக வைத்து, பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹாலந்தில் உணவைத் தடுத்தவர்கள், அந்தப் பஞ்சத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். அறுபதாண்டு கழித்தும் அந்தக் கணக்கு மனித உடம்பில் எழுதப்பட்டிருந்தது.

பட்டினி பரம்பரைச் சொத்து அல்ல. ஒருவன் இன்னொருவன் மேல் ஏற்றிவைக்கும் கடன் அது. ஏற்றியவனிடம் கேட்டு வாங்க வேண்டுமே தவிர, பிறந்த பிள்ளையின் நெற்றியில் எழுதிவிட்டுப் போகக்கூடாது.